உறுதிமொழியும் உரிமையும்

நுழையும்முன்

மனிதரின் பிறப்பைப் பதிவதும், திருமணத்தை நடத்துவதும், கல்வி தருவதும், இறந்தபின் சொத்தைப் பிரித்தளிப்பதும் சமய நிறுவனங்களின் பொறுப்பாகவே இருந்த காலம் ஒன்று உண்டு. அப்பொறுப்புகள் படிப்படியாக அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கைமாறியதையே சமூகவியலார் உலகியல்மயமாதல் என்று குறிப்பிடுகின்றனர். இம்மாற்றம் ஓசையின்றித் தானே நிகழ்ந்தது போலத் தோன்றினாலும், அதன் ஒவ்வொரு படியிலும் வழக்குகளும் வாதங்களும் சிறைவாசமும் உண்டு. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டும் தம் இருக்கையில் அமர்வதற்கு ஏறத்தாழ ஆறாண்டுகள் போராடிய ஒருவரின் வாழ்வு வழியாக அம்மாற்றத்தின் பொருளை இப்பாடம் விளக்குகிறது.

மாறிவந்த இங்கிலாந்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துத் திருச்சபையும் இங்கிலாந்து அரசும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாக விளங்கின. யூதர்களும் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரும் தவிர, ஏனையோர் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் திருச்சபையின் ஆலயத்தில்தான் திருமணம் செய்துகொள்ள வேண்டும். திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிடாதவர் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற இயலாது. உயில் வழக்குகளும் மணவாழ்க்கை வழக்குகளும் சமய நீதிமன்றங்களிலேயே நடைபெற்றன. ஆலயப் பராமரிப்புக்கென விதிக்கப்பட்ட வரியை அவ்வாலயத்துக்குச் செல்லாதவரும் செலுத்த வேண்டியிருந்தது.

இக்கட்டமைப்பு ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. 1837ஆம் ஆண்டு முதல் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை அரசே மேற்கொண்டது; ஆலயத்துக்குச் செல்லாமல் பதிவாளர்முன் மணம்புரியவும் வழி பிறந்தது. 1857ஆம் ஆண்டுச் சட்டங்களால் உயில் வழக்குகளும் மணமுறிவு வழக்குகளும் பொது நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டன. 1868இல் ஆலய வரியின் கட்டாயம் நீங்கியது. 1871இல் பழைய பல்கலைக்கழகங்களின் கதவுகள் எல்லாச் சமயத்தவருக்கும் திறந்தன.

மக்களின் வழிபாட்டு வழக்கமும் மாறிவந்தது. 1851ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, இங்கிலாந்திலும் வேல்சிலும் வழிபாட்டுக்கு வந்தோரின் எண்ணிக்கை கணக்கிடப்பட்டது. வந்திருக்கக்கூடியவர்களுள் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எந்த ஆலயத்துக்கும் செல்லவில்லை என்று அக்கணக்கெடுப்பு காட்டியபோது நாடே வியப்புற்றது. தொழில் நகரங்களில் வாழ்ந்த உழைப்பாளர்களே அவர்களுள் மிகுதியாக இருந்தனர். அத்தகைய உழைப்பாளர் குடும்பம் ஒன்றிலிருந்துதான் சார்லஸ் பிராட்லா தோன்றினார்.

வினாவால் நேர்ந்த விலக்கம்

பிராட்லா 1833ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். தந்தையார் வழக்குரைஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தர். குடும்பத்தின் வறுமையால் பதினொரு வயதிலேயே பிராட்லாவின் பள்ளிப்படிப்பு முடிந்தது. ஏவல் பணியாளாகத் தொடங்கிய அவர், பின்னர் நிலக்கரி வணிகர் ஒருவரிடம் எழுத்தரானார்.

இளமையில் அவர் சமயப்பற்று மிக்கவர். ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் கற்பித்தவர். பேராயர் வந்து நடத்தவிருந்த திடப்படுத்தல் சடங்குக்கு ஆயத்தமாகும்படி பங்குக்குருவானவர் அவரைப் பணித்தார். கடமையில் கண்ணுங்கருத்துமான அவ்விளைஞர், திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் நான்கு நற்செய்தி நூல்களையும் ஒப்பிட்டுப் படித்தார். அவற்றுக்கிடையே தமக்குப் புலப்பட்ட முரண்பாடுகளைக் குறித்து, விளக்கம் வேண்டிக் குருவானவருக்குப் பணிவுடன் மடல் எழுதினார்.

விளக்கம் வரவில்லை, மாறாக, மகன் கடவுள் மறுப்பாளனாகிவிட்டான் என்னும் செய்தி தந்தையாரைச் சென்றடைந்தது. ஞாயிறு பள்ளியில் கற்பிக்கும் பணியிலிருந்து மூன்று மாதங்களுக்கு அவர் நீக்கப்பட்டார். அவ்வோய்வு நாள்களில் திறந்தவெளிக் கூட்டங்களுக்குச் சென்று, பகுத்தறிவாளர்களின் வாதங்களைக் கேட்டார். முதலில் அவர்களை எதிர்த்து வாதிட்டவர், மெல்ல அவர்கள் பக்கம் சாய்ந்தார். மூன்று நாள்களுக்குள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் வேலையை இழக்க நேரிடும் என்று கெடு விதிக்கப்பட்டது. கருத்தைக் கைவிட மனமின்றிப் பதினாறாம் வயதில் பிராட்லா வீட்டைவிட்டு வெளியேறினார். ஐயம் எழுப்பிய குற்றத்துக்காக உணவையும் உறைவிடத்தையும் இழந்த இந்நிகழ்வே, அவர்தம் பிற்கால வாழ்வின் திசையை முடிவு செய்தது எனலாம்.

படைவீரரும் பேச்சாளரும்

கருத்துரிமைக்காகப் பல முறை சிறை சென்ற பதிப்பாளர் ரிச்சர்டு கார்லைலின் குடும்பத்தார் பிராட்லாவுக்கு அடைக்கலம் தந்தனர். கையில் பொருளின்றிக் கடன் பெருகவே 1850ஆம் ஆண்டில் அவர் படையில் சேர்ந்தார். அயர்லாந்தில் பணியாற்றிய காலத்தில், குத்தகை செலுத்த இயலாத ஏழை உழவர்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்படுவதைக் கண்டு மனம் நொந்தார். 1853இல் உறவினர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு படைப்பணியிலிருந்து விடுதலை பெற்று இலண்டன் திரும்பினார்.

வழக்குரைஞர் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்த அவர் அங்கே சட்ட நுணுக்கங்களைக் கற்றுத் தேர்ந்தார். தம்மால் அலுவலகத்துக்கு இடர் நேரக்கூடாது என்று கருதி, சிலை உடைப்பவர் என்று பொருள்படும் புனைபெயரில் மேடைகளில் உரையாற்றினார். நெடிய உருவமும் முழங்கும் குரலும் தெளிந்த வாதமும் அவரை நாடறிந்த பேச்சாளராக்கின. 1860ஆம் ஆண்டு தோன்றிய தேசிய சீர்திருத்தவாதி என்னும் இதழை அவர் ஆசிரியராக நின்று நடத்தினார். 1866ஆம் ஆண்டில் தேசிய உலகியல் கழகத்தை நிறுவி அதன் தலைவரானார். 1874இல் அக்கழகத்தில் இணைந்த அன்னி பெசன்ட் அவருக்கு உற்ற துணையாக விளங்கினார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய சிறுநூல் ஒன்றை வெளியிட்டமைக்காக 1877இல் இருவர்மீதும் வழக்குத் தொடுக்கப்பட்டது. விதிக்கப்பட்ட ஆறு மாதச் சிறைத்தண்டனை மேல்முறையீட்டில் நீங்கியது.

தெரிந்து தெளிவோம்

தலைமுறை, காலம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் ஒன்று, கிறித்தவ வழக்கில் இவ்வுலகைக் குறிப்பதாயிற்று. திருச்சபையின் நிலமும் உடைமையும் அரசுக்கு மாற்றப்படுவதை அச்சொல்லின் வழிவந்த சொல்லால் ஐரோப்பியர் சுட்டினர். 1851ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்னும் சீர்திருத்தவாதி அதே வேரிலிருந்து உலகியலியம் என்னும் பொருள்படும் புதிய சொல்லை உருவாக்கினார். இவ்வுலக வாழ்வின் நலத்தை அறிவாலும் நல்லொழுக்கத்தாலும் மேம்படுத்துவதே அதன் நோக்கம். கடவுள் உண்டா இல்லையா என்பதில் அது முடிவு கூறாது என்பது அவர் கொள்கை. கடவுள் மறுப்பே இவ்வழியின் இயல்பான முடிவு என்று பிராட்லா கருதினார். இருவரும் இதில் வேறுபட்டனர். பிற்காலத்தில் ஜெர்மானியச் சமூகவியலறிஞர் மாக்ஸ் வெபர் முதலியோர் சமயத்தின் செல்வாக்குக் குறைந்துவரும் போக்கைச் சமூக ஆய்வின் பொருளாக்கினர்.

ஏற்கப்படாத சாட்சியம்

அக்காலத்து நீதிமன்றத்தில் சாட்சி கூறுவோர் கடவுள்மீது ஆணையிட வேண்டும். கடவுள் நம்பிக்கை இல்லாதவரின் ஆணைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. கடன் வழக்கு ஒன்றில் பிராட்லா சாட்சி கூற முற்பட்டபோது அவரது நம்பிக்கை குறித்து வினவப்பட்டது. அவர் உண்மையைச் சொன்னார். ஆகவே அவரது சாட்சியம் ஏற்கப்படவில்லை.

இம்முறையின் முரண் வெளிப்படையானது. நம்பிக்கையில்லாத ஒருவர் நம்பிக்கை உண்டெனப் பொய் கூறினால் அவரது சாட்சியம் ஏற்கப்படும்; மெய் கூறினால் தள்ளப்படும். உண்மையைக் காக்க ஏற்பட்ட விதி, உண்மையாளரையே தண்டித்தது. பிராட்லாவும் அவர்தம் தோழர்களும் தொடர்ந்து எழுப்பிய குரலும் இதற்குத் துணைநிற்க, 1869, 1870ஆம் ஆண்டுகளில் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. ஆணைக்கு மாற்றாக உளமார உறுதி கூறும் உரிமை நீதிமன்றங்களில் நம்பிக்கையற்றோருக்கும் கிடைத்தது. நாடாளுமன்றத்தின் வாயிலில் அவ்வுரிமை செல்லுமா என்னும் வினா மட்டும் எஞ்சி நின்றது.

நார்தாம்ப்டனின் தேர்வு

காலணித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நார்தாம்ப்டன் நகரில் பிராட்லா 1868இலும் 1874இலும் போட்டியிட்டுத் தோற்றார். 1880ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வெற்றி பெற்றார். அவருக்கு வாக்களித்தோர் அனைவரும் கடவுள் மறுப்பாளர் அல்லர். ஏழைகளின் வாக்குரிமைக்காகவும் நிலச் சீர்திருத்தத்துக்காகவும் அவர் வாதாடியதே அந்நகரின் உழைப்பாளர்களை ஈர்த்தது.

நாடாளுமன்றத்தின் மக்கள் அவையில் நுழைவதற்குரிய ஆணை அதற்கு முன்பும் பலரைத் தடுத்ததுண்டு. கத்தோலிக்கருக்கு 1829ஆம் ஆண்டில்தான் வழி பிறந்தது. ஆணையிடுதல் தம் சமயத்துக்கு மாறானது எனக் கருதிய குவேக்கர் ஒருவர் 1833இல் உறுதி கூறி அவையில் அமர்ந்தார். யூதரான லயனல் ராத்ஸ்சைல்டு 1847ஆம் ஆண்டிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டும் 1858இல்தான் இருக்கையைப் பெற்றார். ஒவ்வொரு முறையும் வாயில் சற்றே அகன்றது. எச்சமயமும் சாராத ஒருவருக்கு அது திறக்குமா என்பதே 1880இல் எழுந்த வினாவாகும்.

ஆறாண்டுப் போராட்டம்

1880 மே 3ஆம் நாள், ஆணைக்கு மாற்றாக உறுதி கூற இசைவு தருமாறு பிராட்லா வேண்டினார். அதனை ஆராய அமைக்கப்பட்ட தெரிவுக்குழு, ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் அவருக்கு எதிராக முடிவு செய்தது. அவ்வாறாயின் வழக்கமான ஆணையையே எடுத்துக்கொள்வதாக அவர் முன்வந்தார். அதன் சமயச் சொற்கள் தமக்குப் பொருளற்றவை என்றும், அதிலடங்கிய கடமையால் தாம் முழுமையாகக் கட்டுண்டவர் என்றும் வெளிப்படையாக அறிவித்தார். அவ்வறிவிப்பே அவருக்குத் தடையாயிற்று. நம்பாதவர் ஆணையிடுவது தெய்வ நிந்தனை என்று எதிர்ப்பாளர் முழங்கினர். ஆணையிட முன்வந்ததே கொள்கைத் தளர்ச்சி என்று அவருடைய அணியினர் சிலரும் குறை கூறினர். ஜூன் 22ஆம் நாள், அவர் ஆணையிடவும் கூடாது, உறுதி கூறவும் கூடாது என்று அவை தீர்மானித்தது.

மறுநாள் அவையின் எல்லைக்கோட்டருகே நின்று பிராட்லா தம் தரப்பை எடுத்துரைத்தார். வெளியேறுமாறு பணித்தபோது மறுத்தார். ஆகவே நாடாளுமன்ற மணிக்கூண்டிலுள்ள அறையில் ஓர் இரவு அடைக்கப்பட்டார். அவ்வாறு அங்கே சிறைவைக்கப்பட்ட இறுதி உறுப்பினர் அவரே என்பர். சில நாள்களுக்குப் பின், சட்டத்தின் விளைவுகளைத் தாமே ஏற்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு உறுதி கூற அவை இசைந்தது. அவர் அவைப் பணியில் ஈடுபட்டார். ஆனால் முறைப்படி ஆணையிடாமல் வாக்களித்தமைக்காக ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுன் தண்டம் கோரி வழக்குத் தொடுக்கப்பட்டது. 1881 மார்ச்சில் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளிக்கவே இருக்கை பறிபோனது.

நார்தாம்ப்டன் மக்கள் தளரவில்லை. 1881, 1882, 1884ஆம் ஆண்டுகளில் நடந்த இடைத்தேர்தல்களிலும் அவரையே தேர்ந்தெடுத்தனர். 1881 ஆகஸ்டு 3ஆம் நாள் அவைக்குள் நுழைய முயன்ற அவரை, அவைக்காவலர்களும் காவல் துறையினரும் பற்றி இழுத்து வெளியேற்றினர், மேலாடை கிழிந்தது. வெளியே அவருக்கு ஆதரவாகப் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. ஒரு சொல் கூறியிருந்தால் அங்கே கலவரம் மூண்டிருக்கும். ஆனால் அமைதி காக்குமாறு முன்னரே அவர் தம் ஆதரவாளர்களை வேண்டியிருந்தார், அவ்வமைதி குலையவில்லை. சட்டத்தைச் சட்டத்தின் வழியே மாற்ற வேண்டும் என்பதில் அவருக்கிருந்த உறுதியை இந்நிகழ்வு காட்டுகிறது.

நம்பிக்கையாளர் தந்த ஆதரவு

இப்போராட்டத்தை நம்பிக்கையாளருக்கும் நம்பிக்கையற்றோருக்கும் நடந்த போர் என்று கருதுவது பொருந்தாது. அன்றைய தலைமையமைச்சர் கிளாட்ஸ்டன் ஆழ்ந்த இறைப்பற்றாளர். பிராட்லாவின் கொள்கைகளை அறவே விரும்பாதவர். எனினும் 1883ஆம் ஆண்டில், விரும்பும் உறுப்பினர் எவரும் உறுதி கூறலாம் எனும் சட்ட வரைவை ஆதரித்து நெடிய உரை நிகழ்த்தினார். நீதி மறுக்கப்படுவதைச் சமயத்தின் பெயரால் மக்கள் கண்டால், அவர்கள் அச்சமயத்தையே வெறுக்கத் தொடங்குவர் என்பது அவர்தம் வாதத்தின் சாரம். பேராயர் பலரும் எதிர்த்த அவ்வரைவு 289 வாக்குகள் பெற்று, 292 வாக்குகளால் தோற்றது. மூன்றே வாக்குகளில் தோல்வி நேர்ந்தது.

1885ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பிராட்லா மீண்டும் வென்றார். 1886 சனவரியில் புதிய அவை கூடியபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினருக்கும் அவரது ஆணைக்கும் இடையே தலையிட எவருக்கும் உரிமையில்லை என்று அவைத்தலைவர் ஆர்தர் பீல் உறுதியாகக் கூறி எதிர்ப்புகளைத் தள்ளினார். பிராட்லா ஆணையெடுத்து இருக்கையில் அமர்ந்தார்.

தாம் அமர்ந்ததோடு பணி முடிந்ததென அவர் எண்ணவில்லை. தமக்குப் பின் வருவோருக்கு இத்துன்பம் நேரலாகாது எனக் கருதினார். அவர் முன்மொழிந்த ஆணைச் சட்டம் 1888ஆம் ஆண்டில் நிறைவேறியது. சமய நம்பிக்கை இல்லாதவரும், ஆணையிடுதல் தம் சமயத்துக்கு மாறானது எனக் கருதுவோரும் எல்லா இடங்களிலும் உளமார உறுதி கூறலாம் என்றாயிற்று. நம்பாதவர் ஒருவர் பெற்றுத்தந்த சட்டம் நம்புவோர் பலரின் மனச்சான்றையும் காத்தது என்பது கருதத்தக்கது.

இந்தியாவும் பிராட்லாவும்

இந்திய மக்களின் குறைகளை மக்கள் அவையில் இடைவிடாது எடுத்துரைத்தமையால், பிராட்லா இந்தியாவின் உறுப்பினர் என்றே அழைக்கப்பட்டார். கடும் நோயிலிருந்து மீண்ட அவர் 1889 டிசம்பரில் மும்பையில் நடைபெற்ற இந்திய தேசிய காங்கிரசின் ஐந்தாம் மாநாட்டில் கலந்துகொண்டார். அம்மாநாட்டுக்கு வந்திருந்த பிரதிநிதிகளின் எண்ணிக்கையும் 1889 என்பது சுவையான செய்தி. இந்தியச் சட்டமன்றங்களைச் சீர்திருத்தும் சட்ட வரைவையும் அவர் நாடாளுமன்றத்தில் முன்வைத்தார்.

அவரது இயக்கத்தின் அலை சென்னையையும் எட்டியது. 1880களில் இங்கு இயங்கிய சென்னை இலௌகிக சங்கத்தார், இங்கிலாந்தின் உலகியல் இயக்கத்தினரது எழுத்துகளால் ஊக்கம் பெற்றனர். 1882 முதல் 1888 வரை அவர்கள் வெளியிட்ட தத்துவ விவேசினி என்னும் இதழ், தமிழில் பகுத்தறிவு விவாதத்துக்குத் தொடக்கக் களங்களுள் ஒன்றாக அமைந்தது.

இறுதி நாள்கள்

1889இல் அன்னி பெசன்ட் பிரம்மஞான சபையில் இணைந்தது பிராட்லாவுக்குப் பெரும் வருத்தம் தந்தது. பிற்காலத்தில் சென்னை அடையாறு அவரது பணிக்களமாயிற்று. சமயத்திலிருந்து விலகுவோரும் புதிய ஆன்மிகத்தை நாடுவோரும் ஒரே காலத்தில், ஒரே இயக்கத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு இவ்விருவரின் வாழ்வும் சான்று.

நெடிய வழக்குகளும் கடன்சுமையும் பிராட்லாவின் உடல்நலத்தைக் குலைத்தன. 1891 சனவரியில் அவர் மரணப்படுக்கையில் கிடந்தார். அம்மாதம் 27ஆம் நாள், 1880 ஜூன் 22இல் அவருக்கு எதிராக நிறைவேற்றிய தீர்மானத்தை மக்கள் அவை தன் பதிவேட்டிலிருந்து நீக்கியது. தமக்கு இழைத்த பிழையை அவை திருத்திக்கொண்டதை அறியும் நிலையில் அவர் இல்லை. சனவரி 30ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் சமயச் சடங்கின்றி அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. இலண்டனில் வாழ்ந்த இந்தியர் பலர் இறுதி மரியாதை செலுத்தச் சென்றனர். அவர்களுள் சட்டம் பயின்றுவந்த இருபத்தொரு வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். கடவுள் நம்பிக்கையில் ஊறிய அவ்விளைஞர் மோகன்தாஸ் காந்தி ஆவார்.

வாழ்வு உணர்த்தும் பொருள்

உலகியல்மயமாதல் என்பது சமயம் முற்றிலும் மறைந்துபோவதன்று. பிராட்லா அவையில் அமர்ந்த பின்னரும் இங்கிலாந்தின் ஆலய மணிகள் ஒலித்தன. உறுப்பினருள் பெரும்பாலோர் கடவுளின் பெயரால் ஆணையிட்டனர். மாறியது ஒன்றே: ஒருவர் சாட்சி கூறவோ, பட்டம் பெறவோ, மக்களுக்காகப் பேசவோ அவரது நம்பிக்கையைச் சோதிக்கும் அதிகாரம் சமூகத்திடமிருந்து விலகியது. கட்டாயமாக இருந்த சமயம் தேர்வாக மாறியது. பிராட்லா சமயத்தையே தவறெனக் கருதியவர். கிளாட்ஸ்டன் அதனைப் போற்றியவர். எனினும் கட்டாயத்தால் வரும் சொல்லுக்கு மதிப்பில்லை என்னும் புள்ளியில் இருவரும் சந்தித்தனர்.

இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இக்கருத்தின் வடிவத்தைக் காணலாம். பொறுப்பேற்போர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அன்றி உளமார உறுதி கூறலாம். இரண்டும் அங்கு நிகரானவை. இன்று ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும் அத்தேர்வின் உரிமைக்காக, ஒருவர் தம் வாழ்வின் ஆறாண்டுகளை நாடாளுமன்றத்தின் வாயிலில் செலவிட்டார். மனச்சான்றுக்கு மாறாக ஒரு சொல்லையும் கூறுமாறு எவரையும் வற்புறுத்தாத சமூகமே உண்மையை மதிக்கும் சமூகம் என்பதைச் சார்லஸ் பிராட்லாவின் வாழ்வு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

1. முன்பு சமய நிறுவனங்கள் ஆற்றி, இன்று அரசும் பிற அமைப்புகளும் ஆற்றிவரும் பணிகளைப் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

2. பிராட்லாவின் கருத்தை ஏற்காத கிளாட்ஸ்டன் அவரது உரிமையை ஆதரித்தது சரியா? இரு தரப்பாகப் பிரிந்து வாதிடுக.

3. ஆணையிடுதல், உளமார உறுதி கூறுதல் ஆகிய இரண்டுக்கும் அரசியலமைப்பு இடமளித்திருப்பதன் தேவை குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.